இறக்குமதி மின்பொருளுக்குச் சரியான எச்.எஸ். குறியீடு: கொங்கு நாட்டுத் தொழிற்கூடங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோவையில் மோட்டார் பம்ப் செய்பவருக்குப் பேரிங்கும் கெப்பாசிட்டரும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. சோமனூர் தறிக்கு எலக்ட்ரானிக் போர்டு, திருப்பூர் நிட்டிங் மெஷினுக்குச் சென்சார், ஈரோட்டில் பேனல் போர்டு கட்டுபவருக்குக் கான்டாக்டரும் ரிலேயும் வந்தாக வேண்டும். சரக்கு தூத்துக்குடியில் இறங்கலாம், கொச்சியின் வல்லார்பாடத்தில் இறங்கி வாளையார் வழியாக வரலாம், சின்னப் பெட்டி என்றால் விமானத்திலும் வரலாம். எப்படி வந்தாலும் சுங்கத்தில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரியில் ஒவ்வொரு பொருளுக்கும் எட்டு இலக்கத்தில் ஒரு வகைப்பாட்டு எண், அதாவது எச்.எஸ். குறியீடு, எழுதியாக வேண்டும். வரி எவ்வளவு, பி.ஐ.எஸ். தரச் சான்று வேண்டுமா, ஒப்பந்த நாட்டுச் சலுகை கிடைக்குமா என்பதெல்லாம் அந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது.

நடைமுறையில் அந்த எண் எங்கிருந்து வருகிறது? சப்ளையரின் இன்வாய்ஸில் இருப்பதை அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். இல்லையென்றால் போன தடவை போட்டதையே இந்தத் தடவையும் போடுகிறார்கள். இரண்டுமே ஆபத்து. 2011-இல் சுயமதிப்பீடு வந்த பிறகு, குறியீட்டைச் சரியாகச் சொல்லும் பொறுப்பு சட்டப்படி இறக்குமதியாளருடையது. சுங்க முகவர் தாக்கல் செய்தாலும், வரி குறைந்துவிட்டது என்ற நோட்டீஸ் உங்கள் ஐ.இ.சி. (இறக்குமதி-ஏற்றுமதிப் பதிவு) எண்ணுக்குத்தான் வரும். அதனால் இந்த வேலையைப் பர்ச்சேஸ் ஆர்டர் போடும் முன்பே, டேட்டா ஷீட் கையில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். சரக்கு துறைமுகத்தில் நின்றுகொண்டு டிடென்ஷன் (கன்டெய்னர் தாமதக் கட்டணம்) ஏறும்போது யோசித்தால் நிதானமாக யோசிக்க முடியாது.

எட்டு இலக்கமும் எப்படி அமைந்திருக்கிறது

பிரஸ்ஸல்ஸில் உள்ள உலகச் சுங்க அமைப்பு உருவாக்கிய எச்.எஸ். (ஹார்மனைஸ்டு சிஸ்டம்) முறை 1988-இல் நடைமுறைக்கு வந்தது. முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம், நான்கு இலக்கம் தலைப்பு, ஆறு இலக்கம் துணைத்தலைப்பு. இந்த ஆறு வரை உலகம் முழுக்க ஒன்றுதான். அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் தேவைக்குப் பிரித்துக்கொள்கிறது. இந்தியாவில் 1975-ஆம் ஆண்டுச் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் முதல் அட்டவணையில் எட்டு இலக்கம். சீன சப்ளையர் பத்து இலக்கம் எழுதி அனுப்புவார். அதில் கடைசி நான்கை நம் ஊரில் யாரும் பார்க்க வேண்டியதில்லை. முதல் ஆறையும் சரிபார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் அவர் தன் நாட்டு ஏற்றுமதி வசதியைப் பார்த்து எழுதியிருப்பார்.

நம் பொருட்களில் பெரும்பாலானவை அந்த அட்டவணையின் 16-ஆம் பகுதிக்குள் வரும். அதில் இரண்டே அத்தியாயங்கள்: 84 இயந்திரங்கள், 85 மின்சாதனங்கள். பக்கத்திலேயே 90 இருக்கிறது: அளவிடும், சோதிக்கும், தானாகக் கட்டுப்படுத்தும் கருவிகள். 16-ஆம் பகுதியின் முதல் குறிப்பே 90-ஆம் அத்தியாயப் பொருட்களை வெளியே அனுப்பிவிடுகிறது. அதனால் எனர்ஜி மீட்டர் மின்சாரத்தில் ஓடினாலும் 9028, மல்டிமீட்டர் 9030, தெர்மோஸ்டாட் 9032. கடிகார இயக்கமோ சிங்க்ரனஸ் மோட்டாரோ உள்ள டைம் ஸ்விட்ச் 9107-க்கே போய்விடும். டைமரை ரிலேயோடு சேர்த்து 8536 என்று எழுதுவதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியது இதனால்தான்.

முதல் படி: பொருளை மேஜையில் வைத்துப் பாருங்கள்

சாம்பிள் இருந்தால் சாம்பிள், இல்லையென்றால் டேட்டா ஷீட்டும் நான்கு பக்கப் படமும். ஐந்து கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும். இது என்ன பொருள்? என்ன வேலை செய்கிறது? எதனால் ஆனது? எந்த வோல்ட்டேஜ், எந்த வாட், எத்தனை ஆம்பியர்? இறங்கும்போது எந்த நிலையில் இருக்கிறது: முழுசாகவா, பிரித்தா, வேறு பொருளோடு ஒரே பெட்டியிலா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். குறியீடு தீர்மானமாவது பொருள் துறைமுகத்தில் இறங்கும் நிலையை வைத்து. அதை வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள் என்பது, அட்டவணையின் வாசகமே பயன்பாட்டைக் கேட்டாலொழிய, கணக்கில் வராது. "நம்ம பம்புக்குத்தானுங்க வாங்கறோம்" என்று சொன்னால் பேரிங் பம்பு பாகமாகிவிடாது.

கோவையில் பலர் பர்ச்சேஸ் ஆளை மட்டும் வைத்துக் குறியீடு முடிவு செய்கிறார்கள். வேலைத்தளத்து எலக்ட்ரீஷியனையோ டிசைன் ஆளையோ பக்கத்தில் உட்காரவைத்தால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். பொருள் சுற்றைத் துண்டிக்கிறதா, மின்சாரத்தை மாற்றித் தருகிறதா, அளவிடுகிறதா என்பது அவருக்குத் தெரியும். அட்டவணை கேட்பதும் அதைத்தான்.

இரண்டாம் படி: விளக்க விதிகளை வரிசையாகப் போங்கள்

அட்டவணையின் முகப்பில் ஆறு பொது விளக்க விதிகள் இருக்கின்றன. வரிசை மாறக்கூடாது. முதல் விதி: தலைப்பின் வாசகமும், பகுதிக் குறிப்பும், அத்தியாயக் குறிப்பும் சொல்வதே தீர்ப்பு. அத்தியாயத்தின் பெயர் அடையாளத்துக்கு மட்டும். பத்தில் எட்டுப் பொருள் இங்கேயே முடிந்துவிடும் என்பது என் கணிப்பு. பலர் குறிப்புகளைப் படிக்காமல் நேராகத் தலைப்புக்குப் பாய்வதால்தான் தவறு நேர்கிறது.

இரண்டாம் விதியின் முதல் பாதி, முழுமையடையாத பொருளையும் பிரித்துக் கொண்டுவந்த பொருளையும் பற்றியது. மோட்டாரின் ஸ்டேட்டர், ரோட்டர், பாடி, கவர் எல்லாம் ஒரே சரக்கில் பிரித்து வந்து, இங்கே பூட்டினால் மோட்டார் ஆகிவிடும் என்றால் அது மோட்டார்தான். பாகங்கள் என்று எழுத முடியாது. மூன்றாம் விதி, ஒரே பொருளுக்கு இரண்டு தலைப்பு பொருந்தினால்: குறிப்பாகச் சொல்லும் தலைப்புக்கு முதலிடம், செட்டாக வந்தால் எது அதற்கு அடிப்படைத் தன்மை தருகிறதோ அது, அதிலும் தீரவில்லையென்றால் எண்வரிசையில் கடைசியாக வரும் தலைப்பு. நான்காம், ஐந்தாம் விதிகள் நமக்கு அதிகம் தேவைப்படாது. ஆறாவது விதி, தலைப்பு முடிவான பிறகு துணைத்தலைப்பை இதே முறையில் தேடச் சொல்கிறது. 8536-இன் துணைத்தலைப்பையும் 8537-இன் துணைத்தலைப்பையும் ஒன்றோடொன்று ஒப்பிடக்கூடாது. முதலில் நான்கு இலக்கம், அப்புறம் ஆறு, அப்புறம் எட்டு.

மூன்றாம் படி: 85-ஆம் அத்தியாயத்தின் குடும்பங்கள்

எல்லாத் தலைப்பையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். கொங்கு நாட்டுக்கு அடிக்கடி வருபவற்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

மோட்டாரும் ஜெனரேட்டரும் 8501. மின்சாரத்தை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர், எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை), சார்ஜர், இன்வெர்ட்டர் 8504. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி.யும் அங்கேதான், 8504 40-இல். கன்ட்ரோல் என்ற பெயரைப் பார்த்து 8537-க்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. காந்தமும் மின்காந்தமும் 8505. பேட்டரியில் சார்ஜ் ஏற்றக்கூடியது 8507, லித்தியம் அயான் என்றால் 8507 60.

கெப்பாசிட்டர் 8532, ரெசிஸ்டர் 8533, வெறும் பிரின்டெட் சர்க்யூட் போர்டு 8534. டயோடு, டிரான்சிஸ்டர், எல்.இ.டி. 8541, ஐ.சி. 8542. வைண்டிங் ஒயரும் கேபிளும் 8544, கார்பன் பிரஷ் 8545.

ஸ்விட்ச் கியர் குடும்பத்தில் வோல்ட்டேஜ்தான் எல்லைக்கல். 1,000 வோல்ட்டுக்கு மேல் 8535, அதற்குள் 8536. எம்.சி.பி. 8536 20, ஸ்விட்ச் 8536 50, பிளக்கும் சாக்கெட்டும் 8536 69, டெர்மினல் 8536 90. 8535, 8536-ஐச் சேர்ந்த இரண்டோ அதற்கு மேற்பட்ட சாதனங்களைப் பொருத்திய பேனல் 8537. இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி.யும் 8537 10-இல் வரும். சாதனம் எதுவும் பொருத்தாத காலிப் பேனல் 8538 10. ஆக, அதே பெட்டி காலியாக வந்தால் ஒரு குறியீடு, உள்ளே கான்டாக்டரும் எம்.சி.பி.யும் பூட்டி வந்தால் வேறு குறியீடு.

ரிலேயில் கொஞ்சம் நிற்க வேண்டும். 60 வோல்ட் வரை 8536 41, அதற்கு மேல் 8536 49. பேனலில் போடும் சாதாரண ரிலேயின் மேல் காயில் (கம்பிச்சுருள்) 24 வோல்ட் டி.சி. என்றும், கான்டாக்ட் 250 வோல்ட் ஏ.சி. என்றும் இரண்டும் அச்சடித்திருக்கும். விவரத்தில் ஒன்றை மட்டும் எழுதினால் சுங்க அதிகாரியிடமிருந்து குவெரி (விளக்கம் கேட்கும் கேள்வி) வருவது நிச்சயம். இரண்டையும் எழுதி, எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்ற காரணத்தையும் கோப்பில் வையுங்கள்.

நான்காம் படி: "பாகம்" என்ற சொல்லைத் தாண்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். நம் பகுதியில் வரும் வகைப்பாட்டுப் பிரச்சினைகளில் பெரும்பங்கு, ஸ்பேர் பார்ட்ஸ் என்று பொத்தாம்பொதுவாக எழுதியதால் வருவது.

16-ஆம் பகுதியின் இரண்டாம் குறிப்பு பாகங்களை மூன்று படியில் பிரிக்கிறது. முதல் படி: அந்தப் பாகமே 84 அல்லது 85-இல் தனித் தலைப்பு உள்ள பொருள் என்றால், அது எந்த இயந்திரத்துக்குப் போனாலும் தன் சொந்தத் தலைப்புக்குத்தான் போகும். இரண்டாம் படி: தனித் தலைப்பு இல்லை, ஒரு குறிப்பிட்ட வகை இயந்திரத்துக்கு மட்டுமே அல்லது முக்கியமாக அதற்கே பொருந்தும் என்றால், அந்த இயந்திரத்தோடு அல்லது அதன் பாகங்களுக்கான தலைப்பில். மூன்றாம் படி: இரண்டிலும் சேராதது, பொதுவான பாகத் தலைப்புகளில், கடைசியில் 8487 அல்லது 8548.

ஒரு மோனோபிளாக் பம்பைக் கழற்றி மேஜையில் பரப்பினால் இது கண்ணில் தெரியும். முழு பம்பும் மோட்டாரோடு சேர்ந்து வந்தால் 8413. கழற்றிய பிறகு: பால் பேரிங் 8482 10, மெக்கானிக்கல் சீல் 8484 20, கெப்பாசிட்டர் 8532, தாமிர வைண்டிங் ஒயர் 8544 11, டெர்மினல் பிளாக் 8536 90. இவை எல்லாம் முதல் படியிலேயே தம் வீட்டுக்குப் போய்விட்டன. ஸ்டேட்டர் ஸ்டாம்பிங்குக்குத் தனித் தலைப்பு கிடையாது, மோட்டாருக்கு மட்டுமே ஆகும். அதனால் இரண்டாம் படியில் 8503. இம்பெல்லர் பம்புக்கு மட்டுமே ஆகும், 8413 91. மீதி இருப்பது ரப்பர் ஓ-ரிங்கும் ஸ்க்ரூவும். அவை 16-ஆம் பகுதிக்குள்ளேயே வராது. சாதாரண வல்கனைஸ்டு ரப்பர் 4016-க்கும், இரும்பு ஸ்க்ரூ 7318-க்கும் முதல் குறிப்பின்படியே வெளியேறிவிடும்.

ஒரே பம்பிலிருந்து இத்தனை தலைப்பு. இதையெல்லாம் பம்ப் பார்ட்ஸ் என்று 8413 91-இல் அடைத்தால், சிலவற்றில் வரி குறையும், சிலவற்றில் கூடும். கூடுதலாகக் கட்டியது தானாகத் திரும்பி வராது. சுயமதிப்பீட்டையே முதலில் மாற்றாமல் ரீஃபண்ட் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது.

தறிக்கும் இதே கதைதான். லூமுக்கு வரும் சர்வோ மோட்டார் 8501, அதன் டிரைவ் 8504, ரிலே 8536, மின்காந்தம் 8505. அந்த லூமுக்கு மட்டுமே ஆகும், தனித் தலைப்பு எதிலும் அடங்காத பாகம்தான் 8448-க்குப் போகும். பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறி வியாபாரிகள் ஒரே இன்வாய்ஸில் எல்லாவற்றையும் லூம் ஸ்பேர்ஸ் என்று வாங்குகிறார்கள். பொருளுக்குப் பொருள் பிரித்து இன்வாய்ஸ் தரும்படி சப்ளையரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

சொந்தத் தலைப்பு முந்தும் என்பதற்கும் எல்லை உண்டு. ரயில்வே சிக்னலுக்கான ரிலேயை 8536 என்று வரித்துறையும், 8608 என்று உற்பத்தியாளரும் வாதாடிய வழக்கில், அது ரயில்வே சிக்னல் கருவியின் பாகமே என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது ரயில், வண்டிகளுக்கான 17-ஆம் பகுதியின் குறிப்பை வைத்து எழுந்த வழக்கு. அதையே எடுத்துக்கொண்டு வண்டி பாகங்களுக்கெல்லாம் பொருத்தக்கூடாது, மற்றத் தீர்ப்புகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் மத்திய மறைமுக வரி, சுங்க வாரியமான சி.பி.ஐ.சி. தன் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியது. நாமக்கல், கரூர்ப் பக்கம் வண்டி கட்டும் தொழிலுக்கு ஸ்விட்சும் ரிலேயும் தருவிப்பவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: எண்ணைப் போட்டுப் பாருங்கள்

சில துணைத்தலைப்புகள் கண்ணால் பார்த்து முடிவு செய்யக்கூடியவை இல்லை. கணக்கு போட வேண்டும். கெப்பாசிட்டர் நல்ல உதாரணம்.

8532 10 என்பது 50/60 ஹெர்ட்ஸ் சுற்றுக்கான, 0.5 கே.வி.ஏ.ஆர்.-க்குக் குறையாத ரியாக்டிவ் திறன் தாங்கும் நிலையான கெப்பாசிட்டர். பெயர் பவர் கெப்பாசிட்டர் என்றிருப்பதால் மின்வாரியத்தில் வைக்கும் பெரிய பெட்டி என்று நினைத்துவிடுகிறோம். சூத்திரம் எளிது: இரண்டு பை பெருக்கல் அலைவெண் பெருக்கல் கெப்பாசிட்டன்ஸ் பெருக்கல் வோல்ட்டேஜின் வர்க்கம். பம்பில் போடும் 25 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் ரன் கெப்பாசிட்டருக்கு, 50 ஹெர்ட்ஸில்: 314.16 × 0.000025 × 1,93,600. விடை சுமார் 1,520 வி.ஏ.ஆர்., அதாவது 1.52 கே.வி.ஏ.ஆர். எல்லையைத் தாண்டிவிட்டது. உள்ளங்கையில் அடங்கும் டப்பா என்றாலும் 8532 10-ஐத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதே 440 வோல்ட்டில் சீலிங் ஃபேனுக்கான 2.5 மைக்ரோஃபாரட் என்றால் 0.15 கே.வி.ஏ.ஆர். மட்டுமே. அது எல்லைக்குள் வராததால், பிளாஸ்டிக் ஃபிலிம் டைஎலக்ட்ரிக் என்ற கணக்கில் 8532 25.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி டேட்டா ஷீட்டோடு சேர்த்துவையுங்கள். குவெரி வந்தால் அதையே ஏற்றிவிடலாம்.

மோட்டாருக்கும் இப்படித்தான். 37.5 வாட் வரை 8501 10. பலஃபேஸ் ஏ.சி. மோட்டாரில் 750 வாட் வரை 8501 51, அதற்கு மேல் 75 கிலோவாட் வரை 8501 52, அதையும் தாண்டினால் 8501 53. நம் ஊரில் எச்.பி. கணக்கில்தான் பேசுவோம். ஒரு எச்.பி. சுமார் 746 வாட் என்பதால் அது எல்லைக்கு உள்ளேயே நின்றுவிடும். நேம் பிளேட்டில் 0.75 கிலோவாட் என்று இருந்தாலும் அது 750-ஐத் தாண்டவில்லை. இன்வாய்ஸில் கிலோவாட்டை எழுதச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: கலந்து வரும் பொருட்கள்

விவசாயி வீட்டிலிருந்தே தோட்டத்து மோட்டாரைப் போடும் மொபைல் ஸ்டார்ட்டர் இந்தப் பக்கத்தில் எல்லா ஊரிலும் உண்டு. அதன் ஜி.எஸ்.எம். மாட்யூலைத் தனியாக இறக்குமதி செய்தால் 8517; கூடவே கம்பியில்லாச் சாதனம் என்பதால் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் இ.டி.ஏ. அனுமதியும் பார்க்க வேண்டும். முழுச் சாதனமாக வந்தால் 16-ஆம் பகுதியின் மூன்றாம் குறிப்பைத் திறக்க வேண்டும்: பல வேலை செய்யும் இயந்திரத்தை அதன் முதன்மை வேலையை வைத்து வகைப்படுத்து என்கிறது அது. இங்கே முதன்மை வேலை மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும். சிம் கார்டு போடும் இடம் இருப்பதால் மட்டும் அது தொலைபேசிச் சாதனமாகிவிடாது.

சர்க்யூட் போர்டில் ஒரு சின்னக் கவனம். 8534 வெறும் போர்டுக்கு மட்டும். அதன்மேல் ஐ.சி.யும் டிரான்சிஸ்டரும் சால்டர் செய்து வந்துவிட்டால் அந்தத் தலைப்பு முடிந்துபோயிற்று. போர்டு என்ன வேலை செய்கிறதோ, எந்தச் சாதனத்தின் பாகமோ அதை வைத்துப் பார்க்க வேண்டும். வி.எஃப்.டி.க்கு மட்டுமே ஆகும் போர்டு 8504 90-ஐ நோக்கிப் போகும்.

எல்.இ.டி. வியாபாரம் செய்பவர்களுக்கு 2022-இல் அட்டவணை மாறியது. தனி எல்.இ.டி. 8541 41, எல்.இ.டி. மாட்யூல் 8539 51, ஹோல்டரில் மாட்டும் எல்.இ.டி. பல்பு 8539 52, டிரைவர் 8504 40, சுவரிலோ கூரையிலோ பூட்டும் முழு விளக்கு 9405. 2022-க்கு முன் எடுத்துவைத்த பழைய குறியீட்டுப் பட்டியல் யாரிடமாவது இருந்தால் கிழித்துவிடலாம்.

லித்தியம் பேட்டரி பேக்கில் பி.எம்.எஸ். (பேட்டரியைக் கண்காணிக்கும் போர்டு), கனெக்டர் எல்லாம் சேர்ந்திருந்தாலும் பேட்டரியாகவே வரும் என்று 85-ஆம் அத்தியாயத்தின் குறிப்பு சொல்கிறது. பி.எம்.எஸ். மட்டும் தனியாக வந்தால் அதைத் தனியாக வகைப்படுத்த வேண்டும்.

ஏழாம் படி: வரியைக் கணக்கிடுங்கள், ஆனால் கடைசியில்

வரியைப் பார்த்துவிட்டுக் குறியீடு தேடுவது பெருந்தவறு. குறியீடு முடிவான பிறகுதான் வரி. அடிப்படைச் சுங்கவரி, அதன்மேல் பொதுவாக 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி, இரண்டையும் சேர்த்த மதிப்பின்மேல் ஐ.ஜி.எஸ்.டி.

உதாரணத்துக்கு மதிப்பு 5,00,000 ரூபாய், அடிப்படை வரி 10 சதவீதம், ஐ.ஜி.எஸ்.டி. 18 என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை வரி 50,000, கூடுதல் வரி 5,000. 5,55,000-க்கு ஐ.ஜி.எஸ்.டி. 99,900. மொத்தம் 1,54,900. இதில் 99,900-ஐ உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். மீதி 55,000 உங்கள் அடக்கவிலையில் உட்கார்ந்துவிடும். அடிப்படை வரி 7.5 ஆக இருந்தால் அந்தத் தொகை 41,250. 13,750 ரூபாய் வித்தியாசம், ஒரே சரக்கில். விலை கொடுக்கும்போதே குறியீடு தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

ஐ.சி. போன்ற பல பொருட்களுக்கு, இந்தியா 1997-இல் சேர்ந்த தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கையால் அடிப்படை வரியே கிடையாது. அட்டவணை விகிதத்தோடு நிறுத்தாமல் விலக்கு அறிவிப்புகளையும் அன்றைய தேதியில் பாருங்கள். ஜப்பான், கொரியா, ஆசியான் நாடுகளிலிருந்து வாங்கினால் ஒப்பந்தச் சலுகை உண்டு. அதற்கு மூலச்சான்றில் (பொருள் எந்த நாட்டில் உருவானது என்ற சான்று) உள்ள குறியீடும் நீங்கள் போடும் குறியீடும் ஒத்துப்போக வேண்டும். 2020 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் உள்ள கரோட்டார் விதிகளின்படி, பொருள் அந்த நாட்டில் எப்படி உருவானது என்ற தகவலை நீங்களே வைத்திருந்து, ஐந்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.

பி.ஐ.எஸ். விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுங்கள். அடாப்டர், எல்.இ.டி. டிரைவர், லித்தியம் செல் போன்றவற்றுக்குக் கட்டாயப் பதிவு இருக்கிறது. கேபிளுக்கும் ஸ்விட்ச், சாக்கெட்டுக்கும் தரக் கட்டுப்பாட்டு ஆணைகள் உண்டு. சான்று இல்லாமல் வந்த சரக்குக்கு வரி கட்டத் தயாராக இருந்தாலும் வெளியே எடுக்க முடியாது.

எட்டாம் படி: விவரத்தை எழுதுங்கள்

முகமில்லா மதிப்பீடு 2020 ஜூன் 8-இல் தொடங்கியபோது முதலில் எடுத்தது சென்னையையும் பெங்களூரையும். முதல் அத்தியாயங்களும் நம்முடைய 84, 85-தான். இப்போது நாடு முழுக்க வந்துவிட்டது. தூத்துக்குடியில் இறங்கிய உங்கள் சரக்கை வேறு ஊரில் இருக்கும் அதிகாரி திரையில் பார்க்கிறார். சாம்பிளை எடுத்துக்கொண்டு நேரில் போய் விளக்கும் பழக்கம் முடிந்துவிட்டது. அவருக்குத் தெரிவது நீங்கள் எழுதிய விவரமும் இ-சஞ்சித் இணையத்தளத்தில் ஏற்றிய தாளும் மட்டுமே.

"எலக்ட்ரிக்கல் பார்ட்ஸ், 500 எண்ணம்" என்று எழுதினால் குவெரி வராமல் இருக்காது. "மின்காந்த ரிலே, காயில் 24 வோல்ட் டி.சி., கான்டாக்ட் 10 ஆம்பியர் 250 வோல்ட் ஏ.சி., பேனல் சாக்கெட்டில் செருகும் வகை, பிராண்டு, மாடல் எண்" என்று எழுதினால் கேட்க ஒன்றும் இருக்காது. பில் ஆஃப் என்ட்ரியில் இது ஆங்கிலத்தில் போகும். ஆனால் உள்ளடக்கம் இதுதான். டேட்டா ஷீட்டைக் கேட்கும் முன்பே ஏற்றிவிடுங்கள். சீன மொழியில் மட்டும் இருக்கும் கேட்டலாக் உதவாது.

குவெரிக்குப் பதில் எழுதும்போது தலைப்பின் வாசகம், பொருந்தும் குறிப்பு, பொருளின் வேலை என்ற மூன்றையும் வரிசையாகச் சொல்லுங்கள். மேற்கோள் காட்ட உலகச் சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்புகள் இருக்கின்றன. அவற்றுக்கு நீதிமன்றங்கள் நல்ல மதிப்புத் தருகின்றன. இணையத்தில் தேடினால் கிடைக்கும் குறியீட்டுத் தளங்களைக் காட்ட வேண்டாம். விக்கிப்பீடியா போன்ற தளங்களை முழுதாக நம்பி வகைப்படுத்தக்கூடாது என்று 2023 ஜனவரியில் ஒரு கணினி வழக்கில் உச்ச நீதிமன்றமே எச்சரித்திருக்கிறது.

ஒன்பதாம் படி: சந்தேகம் தீரவில்லை என்றால்

தொடர்ந்து இறக்குமதி செய்யப்போகும் பொருள், பெரிய தொகை, இரண்டு தலைப்பிலும் வாதம் பலமாக இருக்கிறது என்றால் முன்தீர்ப்பு வாங்கிவிடுவதே நல்லது. சுங்க முன்தீர்ப்பு ஆணையம் டெல்லியிலும் மும்பையிலும் இருக்கிறது. விண்ணப்பித்த மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு தர வேண்டும். சட்டமோ உண்மைகளோ மாறாதவரை, சட்டம் சொல்லும் காலம் வரை அது உங்களையும் துறையையும் கட்டுப்படுத்தும். அதே கேள்வி உங்கள் விஷயத்தில் ஏற்கனவே அதிகாரியிடமோ தீர்ப்பாயத்திலோ நிலுவையில் இருந்தால் விண்ணப்பத்தை ஏற்கமாட்டார்கள். ஆகவே முதல் சரக்குக்கு முன்பே போக வேண்டும். வெளியான பழைய முன்தீர்ப்புகள் மற்றவரைக் கட்டுப்படுத்தாது என்றாலும், வாதத்தை எப்படி அடுக்குவது என்று கற்றுக்கொள்ள அவற்றைவிட நல்ல பாடம் இல்லை.

சரக்கு வந்துவிட்டது, சோதனை அறிக்கை வர நாளாகும் என்றால் சுங்கச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி தற்காலிக மதிப்பீடு கேட்கலாம். பத்திரமும் தேவைப்பட்டால் உத்தரவாதமும் கொடுத்துச் சரக்கை எடுத்துக்கொள்ளலாம்.

அதிகாரி உங்கள் குறியீட்டை மாற்றினால், அவசரத்தில் சம்மதம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். எழுத்தில் ஏற்காதபோது, 17(5) பிரிவின்படி 15 நாளுக்குள் அவர் காரணங்களோடு உத்தரவு தர வேண்டும். அது கையில் இருந்தால்தான் 60 நாளுக்குள் ஆணையர் முன் மேல்முறையீட்டுக்குப் போக முடியும். வேறு தலைப்புக்கு மாற்றுவதை நிரூபிக்கும் பொறுப்பு துறையுடையது.

விடுவித்த பிறகு தவறு தெரியவந்தால் மறைத்துவைக்க வேண்டாம். 2025 நிதிச் சட்டம் கொண்டுவந்த 18ஏ பிரிவு, தணிக்கையோ விசாரணையோ தொடங்கும் முன் நீங்களே திருத்திக் கட்ட வழி தருகிறது. நோட்டீஸ் வந்தால் சாதாரணமாக இரண்டு ஆண்டுக் கணக்கு. வேண்டுமென்றே மறைத்ததாக முடிவானால் ஐந்து ஆண்டு. வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம், 114ஏ பிரிவில் வரிக்குச் சமமான அபராதம். உண்மையான கருத்து வேறுபாட்டையும் மறைப்பையும் பிரித்துக் காட்டுவது, அன்றைக்கு நீங்கள் எழுதிவைத்த காரணத் தாள்தான்.

பத்தாம் படி: மாஸ்டர் பட்டியல்

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பதிவு: உங்கள் உள் எண், சப்ளையர் மாடல், முழு விவரம், எட்டு இலக்கக் குறியீடு, காரணம் இரண்டு வாக்கியத்தில், முடிவு செய்த தேதி, டேட்டா ஷீட் இருக்கும் இடம். சப்ளையர் மாடலை மாற்றினால் புதிய பதிவு. சுங்க முகவர் மாறினாலும் பட்டியல் உங்களிடமே இருக்க வேண்டும்.

இந்தப் பட்டியலை பிப்ரவரி 1 பட்ஜெட்டுக்குப் பிறகு ஒருமுறை முழுதாகப் பாருங்கள். எட்டு இலக்கப் பிரிவுகள் பெரும்பாலும் அப்போதுதான் மாறும். அடுத்த எச்.எஸ். திருத்தம் 2028 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வருகிறது. நீண்டகால விலை ஒப்பந்தம் போடுபவர்கள், அந்தத் தேதிக்குப் பிறகு வரும் சரக்குக்கு வரி மாறினால் யார் ஏற்பது என்ற ஒரு வாசகத்தை இப்போதே ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.